வகுப்பறை இல்லாமல் பிறந்த பல்கலைக்கழகம்: சேப்பாக்கம் வளாகம் மாறிய விதம்

சென்னையில் நேப்பியர் பாலத்தைக் கடந்து காமராசர் சாலையில் தெற்கே செல்பவர்களுக்கு வலப்பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகக் கட்டடங்கள் தெரியும். நான்கு மூலைகளிலும் குமிழ் மாடங்கள் கொண்ட செனட் இல்லம், மணிக்கூண்டோடு கூடிய நூலகக் கட்டடம், அவற்றுக்கு இடையிலும் பின்னாலும் நேர்கோடுகளாக நிற்கும் காங்கிரீட் கட்டடங்கள் ஆகியவை ஒன்றையொன்று சட்டை செய்யாமல் நிற்பதுபோல் தோன்றும். இதைப் பார்க்கும் பலர் சொல்லும் தீர்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: அந்தக் காலத்தில் அழகாகக் கட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் ரசனையில்லாமல் கெடுத்துவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பில் இரண்டு தவறான அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. தொடக்கத்தில் முழுமையான வளாகம் ஒன்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பது முதலாவது. கட்டடங்கள் மாறுவதற்கு முதன்மையான காரணம் ரசனை என்பது இரண்டாவது. சேப்பாக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுமே உண்மையில்லை. பல்கலைக்கழகம் செய்துவந்த வேலை மாறியதால்தான் அதற்குத் தேவைப்பட்ட கட்டடங்கள் மாறின. மாடமும் வளைவும் தட்டையான கூரையும் அந்த மாற்றத்தின் மேல்தோலில் தெரிபவை. கட்டடக்கலையில் முன்பயிற்சி எதுவும் இல்லாதவர்களும் இதைப் புரிந்துகொள்ள முடியும் என்பதால், அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

கூடிக்கொண்டே போகும் வீடு

ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வாழ்ந்துவரும் பழைய ஓட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் நெல் மூட்டைகள் வந்து இறங்கியதால் அகலமான முற்றமும் குதிரும் இருந்தன. நிலத்தை விற்று மகன் அரசு வேலைக்குப் போனதும் குதிர் இருந்த அறை படுக்கையறையானது. அடுத்த மகனுக்குத் திருமணம் நிச்சயமானபோது பக்கவாட்டில் தளம் போட்ட அறை ஒன்று முளைத்தது. தெருவில் போக்குவரத்து கூடியதும் திண்ணைக்குக் கம்பி வலை அடித்தார்கள். இவற்றுள் எந்த மாற்றத்தையும் அழகை முன்னிட்டு யாரும் தொடங்கவில்லை. அந்த வீட்டில் நடந்த வாழ்க்கை மாறியது, வீடு அதைப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய கொத்தனாருக்குத் தெரிந்த முறையிலும், அன்று கடையில் கிடைத்த பொருளிலும், அன்று கையிலிருந்த பணத்திலும் வேலை நடந்தது.

பல்கலைக்கழக வளாகமும் இதே வகையில்தான் வளர்கிறது. வீட்டில் மக்கள் பெருகுவதே பெரும்பாலும் மாற்றத்துக்குக் காரணமாக இருக்கும். பல்கலைக்கழகத்திலோ மக்கள் பெருகுவதோடு, நிறுவனத்தின் அடிப்படைக் கடமையே சில நேரங்களில் சட்டத்தால் மாற்றி எழுதப்படுகிறது. சேப்பாக்கத்தில் நடந்தது அதுதான்.

தேர்வு நடத்த ஒரு மண்டபம் போதும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தின் வழியே நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவை. மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். இந்த முன்மாதிரியைப் புரிந்துகொள்ளாமல் சேப்பாக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அது 'இணைவுப் பல்கலைக்கழகம்' என்னும் வகை: கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. எனவே அதற்கு வகுப்பறை வேண்டியதில்லை. ஆய்வகமும் விடுதியும்கூட வேண்டியதில்லை. வளாகம் என்ற ஒன்றே அன்று அதற்குத் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அதன் முதல் பட்டதாரிகளாக வெளிவந்தபோது, பல்கலைக்கழகத்துக்கென்று குறிப்பிட்டுச் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் கிடையாது. பட்டம் இருந்தது, பட்டதாரி இருந்தார், கட்டடம் மட்டும் இல்லை. இன்று புதிய பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டவுடன் அடிக்கல்லைத் தேடும் நமக்கு இது சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

ஆனால் தேர்வு எழுதுவோரும் பட்டம் பெறுவோரும் கூடக் கூட, அவர்களை ஒரே கூரையின்கீழ் அமரவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1864-இல் அரசு வடிவமைப்புகளை வரவேற்று அறிவிப்பு வெளியிட்டது. ராபர்ட் சிசோம் என்ற கட்டடக்கலைஞரின் வடிவமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1874-இல் தொடங்கிய கட்டுமானம் 1879-இல் முடிந்தது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிப்பேரவையான செனட்டின் பெயரால் அது செனட் இல்லம் ஆயிற்று.

அந்தக் கட்டடத்தின் அமைப்பைக் கவனித்தால் அன்றைய பல்கலைக்கழகத்தின் கடமைப் பட்டியலையே படித்துவிடலாம். நடுவில் தூண்கள் குறுக்கிடாத மிக உயரமான பெரும் மண்டபம் இருக்கிறது. வரிசையாக மேசை போட்டால் தேர்வுக்கூடமாகவும், மேசையை எடுத்துவிட்டால் பட்டமளிப்பு அரங்காகவும் அது பயன்படும். அதன் பக்கங்களில் வெயில் நேராக உள்ளே விழாதபடி வளைவுகள் கொண்ட தாழ்வாரங்கள் ஓடுகின்றன. மண்டபத்தைச் சுற்றியுள்ள சிறிய அறைகள் அலுவலகத்துக்கும் கூட்டங்களுக்கும் உரியவை. பாடம் நடத்துவதற்கென ஓர் அறைகூட இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியிலுள்ளவர்களுக்கும் அந்த மண்டபம் பயன்பட்டது. 1937-இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவை சில மாதங்கள் இங்கேதான் கூடியது.

பழைய பாணி என்று எண்ணப்படும் புதிய பாணி

செனட் இல்லத்தைப் பற்றிய மிகப் பரவலான குழப்பம் அதன் தோற்றத்தைப் பற்றியது. குமிழ் மாடங்களைக் கண்டவுடன் அதை நவாப் காலத்துக் கட்டடம் என்று கருதுவோர் உண்டு. அதன் பாணியை 'இந்தோ-சாரசெனிக்' என்பார்கள். இந்தியாவின் இஸ்லாமிய, இந்துக் கட்டடங்களிலிருந்து மாடம், வளைவு, தூண், விதானம் முதலிய உறுப்புகளை எடுத்து, ஐரோப்பியக் கட்டட அமைப்பின்மேல் பொருத்திப் பிரித்தானியக் காலத்துப் பொறியாளர்கள் உருவாக்கிய பாணி இது. வேறு சொற்களில் சொன்னால், 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அது மிகப் புதிய நாகரிகமாக இருந்தது.

இதற்கு நல்ல சான்று அருகிலேயே கிடைக்கிறது. சேப்பாக்கத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் மாநிலக் கல்லூரி வரும். அது தனி நிறுவனம், பல்கலைக்கழக வளாகத்தின் பகுதி அன்று. ஆனால் அதன் கடற்கரைக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அதே சிசோம்தான். 1870-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் இத்தாலியச் சாயல் கொண்டது. இரண்டுமே உயர்கல்விக்கானவை, ஒரே கடற்கரையை ஒட்டியவை, ஒரே கலைஞரின் கைவேலை, கட்டப்பட்ட காலத்திலும் பெரிய இடைவெளி இல்லை. ஆயினும் ஒன்றுக்கு இத்தாலிய முகமும் மற்றொன்றுக்கு இந்திய முகமும் வாய்த்தன.

இடையில் நடந்தது என்ன? 1866 முதல் 1872 வரை சென்னையின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இந்தியாவில் எழும் அரசுக் கட்டடங்கள் இந்திய மரபிலிருந்து கற்க வேண்டும் என்ற கருத்துடையவர். அவருடைய ஆதரவில் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சீரமைக்கும் பணி நடந்தது, அதில் சிசோம் ஈடுபட்டார். அந்த அரண்மனையே இஸ்லாமிய வளைவுகளும் தென்னாட்டுச் சுதை வேலைப்பாடும் கலந்த ஒன்று. சென்னையிலோ, செனட் இல்லத்துக்குத் தெற்கே, வாலாஜா சாலைக்கு அப்பால், ஆற்காட்டு நவாபுக்காக 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை நின்றது. 1855-இல் நவாப் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தார்கள், அரண்மனையும் பின்னர் அரசின் கைக்கு வந்தது. அதன் இரு பகுதிகளுக்கு நடுவே கோபுரம் எழுப்பி இணைத்தவரும் சிசோம்தான். புதிய செனட் இல்லம் பக்கத்து அரண்மனைக்கு உறவுபோலத் தோன்றுவது தற்செயல் அன்று, திட்டமிட்டுத் தேடிய ஒற்றுமை. அதிகாரம் இழந்த நவாபின் மாடங்களை, அந்த அதிகாரத்தைப் பறித்தவர்களே தங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டிக்கொண்டதில் உள்ள முரணை எளிதில் கடந்துபோக முடியவில்லை. கட்டடத்தின் முன் 1887-இல் விக்டோரியா அரசியின் சிலையும் வைக்கப்பட்டது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தேர்வு நடத்துவதற்காகப் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு வளாகம் தேவைப்படவில்லை, பெரிய மண்டபம் மட்டுமே தேவைப்பட்டது. அந்த மண்டபத்தின் உள்ளமைப்பைத் தீர்மானித்தது அது செய்த வேலை. அதன் முகத்தைத் தீர்மானித்தது அக்காலத்து ஆட்சியாளர்களின் விருப்பம்.

கற்பிக்கத் தொடங்கியபோது

1904-இல் நிறைவேறிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே ஆசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் வழிவிட்டது. பல வரலாறுகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் சட்டமே, என் பார்வையில், சேப்பாக்கத்தின் உண்மையான அடிக்கல். 1914-இல் இந்திய வரலாறு உள்ளிட்ட சில துறைகள் தொடங்கப்பட்டன, வரலாற்றுத் துறையின் முதல் பேராசிரியராக ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் பொறுப்பேற்றார். 1923-இல் வந்த சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் இந்தக் கடமையை மேலும் உறுதிப்படுத்தியது. பேராசிரியர் வந்தால் அறை வேண்டும், ஆய்வு மாணவர் வந்தால் நூல்கள் வேண்டும், அறிவியல் துறை வந்தால் குழாயும் புகைபோக்கியும் உள்ள ஆய்வகம் வேண்டும். பெரும் மண்டபம் ஒன்றைக் கொண்டு இவற்றுள் எதையும் சமாளிக்க முடியாது.

நூலகத்தின் இடமாற்றங்களில் இந்த நெருக்கடி கண்கூடாகத் தெரிகிறது. தொடக்கத்தில் பல்கலைக்கழக நூலகம் எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. 1928-இல் செனட் இல்லத்துக்குள் கொண்டுவரப்பட்டது. விழா மண்டபமாகக் கட்டப்பட்ட கட்டடத்தில் நூலகம் குடியேறியதைக் கட்டடக்கலையில் 'மறுபயன்பாடு' என்பார்கள்: ஒரு தேவைக்காகக் கட்டியதை இடிக்காமல் வேறொரு தேவைக்குப் பயன்படுத்துவது. இது செலவைக் குறைக்கும் என்றாலும், பழைய கட்டடத்தின் உருவம் புதிய வேலைக்கு எவ்வளவு தூரம் இடம்கொடுக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நூலகத்தைப் பொறுத்தவரை அந்த எல்லை விரைவிலேயே வந்துவிட்டது. 1936-இல் கடற்கரைச் சாலையை நோக்கிய சொந்தக் கட்டடத்துக்கு அது மாறியது.

அந்த நூலகத்தை 1924 முதல் நடத்திவந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், பின்னாளில் இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்பட்டவர். வாசகர் நேராக அலமாரிக்குச் சென்று நூலைத் தாமே எடுத்துப் பார்க்கும் 'திறந்த அடுக்கு முறை'யை அவர் வற்புறுத்தினார். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கொள்கை ஒரு கட்டடத்தின் உள்ளளவுகளையே மாற்றக்கூடியது. பணியாளர் மட்டும் நுழையும் நூல் கிடங்கில் அலமாரி விதானம்வரை உயரலாம், ஏணி வைத்து ஏறிக்கொள்வார்கள். இரு அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைந்தால் போதும், வெளிச்சம் மங்கலாக இருந்தாலும் வேலை நடக்கும். வாசகரை உள்ளே விட்டாலோ அலமாரி கைக்கெட்டும் உயரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் குனிந்து அடித்தட்டைப் பார்க்கும்போது மற்றொருவர் அவரைத் தாண்டிப் போக அகலம் வேண்டும். முதுகுப் பட்டையில் உள்ள எண் தெரியும் அளவுக்கு அடித்தட்டிலும் வெளிச்சம் விழ வேண்டும். ஆக, அதே எண்ணிக்கையிலான நூல்களுக்கு முன்னைவிடக் கூடுதல் பரப்பும் கூடுதல் சன்னல்களும் தேவைப்படும். நூலகக் கட்டடத்தின் மணிக்கூண்டைப் படம் எடுப்பவர்கள் பலர். ஒரு நூலகத்தைக் கட்டடமாகத் தீர்மானிப்பது அதன் அலமாரிகளுக்கு இடையிலான நடைவழியே என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

சுவரிலிருந்து தூணுக்கு

இனி வருவது பெரும்பாலோர் குறைசொல்லும் கட்டம். 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்தவர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அந்த நீண்ட காலத்தில் துறைகளும் மாணவர் எண்ணிக்கையும் பெருகின. 1957-இல் பல்கலைக்கழகம் நூற்றாண்டு கண்டது. அதையொட்டி நூற்றாண்டுப் பெயர் தாங்கிய கட்டடமும் கலையரங்கமும் சேப்பாக்கத்தில் எழுந்தன. பிற்காலத்தில் பட்டமளிப்பு விழாவும் அந்தக் கலையரங்கத்துக்கே போய்விட்டது. மாடமும் வளைவும் இல்லாத இந்தக் கட்டடங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதை அறிய, ஒரு கட்டடம் எதனால் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

செனட் இல்லக் காலத்துக் கட்டடங்கள் சுவரால் நிற்பவை. கூரையின் எடையும் மேல்தளத்தின் எடையும் செங்கல் சுவர் வழியாகவே தரைக்கு இறங்குகின்றன. மாடி ஏற ஏறக் கீழ்ச்சுவர் தடிக்க வேண்டும். சுவரில் அகலமான திறப்பு வேண்டுமானால் மேலேயுள்ள சுமையை இருபுறமும் பிரித்துவிட வளைவு வேண்டும். அதாவது நாம் அலங்காரம் என்று ரசிக்கும் வளைவு, அடிப்படையில் சுமையைத் திசைதிருப்பும் கருவி. அக்காலத்துச் சென்னைக் கூரைக்கும் தனி முறை இருந்தது, 'மெட்ராஸ் டெரஸ்' என்று அதற்குப் பெயர். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்புவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். நேர்த்தியான வேலைதான், ஆனால் உத்திரத்தின் நீளத்துக்கு மேல் அறையை அகலமாக்க முடியாது. தேக்கும் கைத்திறனும் நாளும் ஏராளமாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும்.

கம்பி கட்டிய காங்கிரீட் வந்தபோது சுமையின் பாதை மாறியது. தூணும் உத்திரமும் தளமும் ஒன்றாக வார்க்கப்பட்டு ஒரு எலும்புக்கூடுபோல நிற்கும் இந்த அமைப்பைச் 'சட்டகம்' என்பார்கள். சுமை முழுவதையும் சட்டகமே தாங்கிக்கொள்வதால் சுவர் வெறும் தடுப்பாகிறது. அதை மெல்லியதாகக் கட்டலாம், வேண்டாதபோது இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கலாம், சன்னலைச் சுவர் முழுக்க நீட்டலாம். வளைவுக்கு வேலையே இல்லை. அதே அளவு நிலத்தில் பல மாடிகளை அடுக்க முடிகிறது. கடலுக்கும் கூவத்துக்கும் சாலைகளுக்கும் நடுவே அகப்பட்ட சேப்பாக்கத்தில், ஆண்டுதோறும் புதிய துறைகளுக்கு அறை தேடிய பல்கலைக்கழகத்துக்கு வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெயிலைத் தடுக்கும் வேலையும் காணாமல் போய்விடவில்லை. முன்பு தாழ்வாரம் செய்ததைச் சன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடும் வெளிப்புற நடைவழியும் செய்யத் தொடங்கின. எல்லாம் நன்றாகக் கட்டப்பட்டன என்று இதற்குப் பொருளில்லை. அவசரத்தில் எழுந்த சில கட்டடங்களில் காற்றோட்டம் மோசம் என்பதை உள்ளே அமர்ந்து படித்த எவரும் சொல்வார்கள். ஆனால் அது அந்தக் கட்டடத்தின் குறை, காங்கிரீட் என்ற முறையின் குறை அன்று.

மீண்டும் சுருக்கமாக: 1904-க்குப் பின் கடமை கூடியதால் மண்டபத்தோடு நூலகமும் துறைகளும் சேர்ந்தன. மக்கள் பெருகியதும் சுவரால் நிற்கும் கட்டடங்களைவிடச் சட்டகத்தால் நிற்கும் கட்டடங்களே கைகொடுத்தன. தோற்ற மாற்றம் இந்த இரண்டின் விளைவு.

ஒரே வளாகம் ஆறாகப் பிரிந்தது

மாடி மேல் மாடி அடுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதன்பின் பல்கலைக்கழகம் பக்கவாட்டில் பரவியது. சேப்பாக்கத்தோடு மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என இன்று அதற்கு ஆறு வளாகங்கள் உள்ளன. இயற்பியல், தாவரவியல் முதலிய அறிவியல் துறைகள் கிண்டியிலும், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியிலும் இயங்குகின்றன. மறுபக்கம் அதன் ஆட்சி எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகமும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1978-இல் அண்ணா பல்கலைக்கழகமும் தனித்தனியே உருவாயின. ஒரு காலத்தில் தென்னாட்டின் பெரும்பகுதிக்கே தேர்வு நடத்திய நிறுவனம், எல்லை குறையக் குறையத் தன் வளாகங்களுக்குள் கற்பிப்பதிலும் ஆய்விலும் கூடுதலாக வேரூன்றியது. செனட் இல்லத்தின் பெரும் மண்டபத்துக்குத் தொடக்கத்தில் இருந்த அன்றாட வேலை குறைந்ததற்கு இதுவும் ஒரு பின்னணி.

பழையதைப் பழுதுபார்ப்பது

வேலை குறைந்த கட்டடம் கடற்காற்றில் விரைவாகவே தளர்ந்துவிடும். செனட் இல்லத்துக்கும் அந்த நிலை வந்தது. பல்கலைக்கழகத்தின் 150-ஆவது ஆண்டையொட்டி அது மீட்டெடுக்கப்பட்டது. 'மீட்டெடுத்தல்' என்றால் புதிதாக்குவது என்று பலர் எண்ணுகிறார்கள். கட்டடத்தின் மூலப்பொருளையும் மூல அமைப்பையும் கூடியவரை காப்பாற்றி, பின்னால் சேர்ந்த கேடுகளை மட்டும் நீக்குவதே அச்சொல்லின் பொருள்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை சிமெண்ட் பூசுவது. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியேற்றும். சுண்ணாம்புப் பூச்சு அந்தப் போக்குவரத்துக்கு இடம்கொடுக்கும். அதை உரித்துவிட்டுக் கெட்டியான சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கடலோரத்தில் அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி விரியும், செங்கல் பொரிந்து மாவாக உதிரும். வெளியே புதுச்சுவர்போலத் தெரியும், உள்ளே சுவர் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துச் சாந்து கூட்டத் தெரிந்த கைகள் இல்லாமல் இத்தகைய கட்டடத்தைத் தொடாமல் இருப்பதே மேல்.

காங்கிரீட் கட்டடங்களின் நோய் வேறு வகை. காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளேயிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கடற்காற்றின் உப்பு மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டும்போது அந்தக் காப்பு உடைகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் காங்கிரீட் பிளந்து பாளமாக விழுகிறது. நூலகம் 1936-இல் திறக்கப்பட்டபோது செனட் இல்லத்துக்கு வயது 57. நூற்றாண்டு விழாக் காலத்துக் கட்டடங்கள் இன்று அந்த வயதைத் தாண்டிவிட்டன. மாடம் இல்லாததால் அவற்றைப் பாரம்பரியக் கட்டடங்கள் என்று யாரும் பட்டியலிடக் கோருவதில்லை. எனினும் அவற்றை இடிப்பதா, கம்பியைச் சுத்தம் செய்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவதா என்பதைத் தளம் தளமாக உப்பின் அளவைச் சோதித்த பிறகே முடிவு செய்ய முடியும். மேலே வெள்ளையடித்துவிட்டுப் பார்வையால் முடிவு செய்வதற்கு அங்கே இடமில்லை.